காலேஜ் பெண்ணின் பர்ஸ் எங்கே?

"சில்லறை இல்லேம்மா" என்று சொல்லிவிட்டு, மீதிக் காசுக்கு இரண்டு சாக்லேட்டைக் கையில் திணிப்பார்களே கடைக்காரர்கள், நினைவிருக்கிறதா? எங்கள் புத்தூர் நால்ரோட்டில் அந்தச் சாக்லேட் வியாபாரம் இப்போது படுத்துவிட்டது. பூக்காரம்மாவின் கூடைக்குப் பக்கத்தில் ஓர் அட்டை. இளநீர் வண்டியில் ஓர் அட்டை. இஸ்திரி போடுகிறவர் மேஜையிலும் ஓர் அட்டை. கறுப்பும் வெள்ளையுமாய்ப் புள்ளிக்கோலம் மாதிரி இருக்கிற அந்தச் சதுரத்துக்கு நேரே போனை நீட்டினால், எத்தனை ரூபாய் வந்தது என்று ஒரு சின்னப் பெட்டி ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துகிறது.

அப்படிப் போனை நீட்டுகிறவர்களில் பாதிக்கு மேல் காலேஜ் பிள்ளைகள். எங்கள் பேட்டையில் அவர்களுக்கா பஞ்சம்? வயலூர் ரோட்டில் 1966-லிருந்து பிஷப் ஹீபர் கல்லூரி இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிப் பக்கம் போனால் மருத்துவம் படிக்கிற பிள்ளைகள். சத்திரம் போய் பஸ் மாறி வேறு கல்லூரிகளுக்குப் போகிறவர்களும் இங்கேதான் ரூம் எடுத்துத் தங்குகிறார்கள். எங்கள் வீட்டு மாடியிலும் நான்கு பெண்கள் இருக்கிறார்கள். நான்கு பேரிடமும் சேர்த்துத் தேடினால் பர்ஸ் என்று ஒன்றுதான் தேறும். அதிலும் காசு இருக்காது. ஹேர்பின்னும் தைலமும் இருக்கும்.

பெற்றோர் பார்க்க வரும்போதெல்லாம் என்னிடம் ஒரே புலம்பல்தான். "கையிலே காசு குடுத்தா வாங்க மாட்டேங்கறா, அக்கவுண்ட்ல போடுங்கறா. எங்கே செலவு பண்றா, எப்படிப் பண்றான்னே தெரியலையேக்கா!" இந்தப் பிள்ளைகள் ஏன் இப்படி ஒரேயடியாக மாறினார்கள்? வெறும் ஃபேஷனா? சோம்பேறித்தனமா? இல்லை, நமக்குப் புரியாத வேறு காரணம் ஏதாவதா? சாயங்கால வேளைகளில் மாடிப் பெண்களிடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன விளக்கம். நாம் எல்லாவற்றையும் சேர்த்து "ஜிபே பண்ணு" என்கிறோம். ஆனால் இதில் இரண்டு வகை உண்டு. வாலட் என்பது சுருக்குப்பை மாதிரி. முதலில் காசைப் போட்டு வைக்க வேண்டும், பிறகு அதிலிருந்து எடுத்துச் செலவழிக்க வேண்டும். யூபிஐ என்பது சுருக்குப்பை அல்ல, வங்கிக் கணக்கிலிருந்து நேராகக் கடைக்காரர் கணக்குக்குப் போட்ட குழாய். திறந்தால் நம் தொட்டியிலிருந்தே தண்ணீர் போகும். இந்த யூபிஐ 2016 ஏப்ரலில் வந்தது. அந்த வருஷம் செப்டம்பரில் ஜியோ வந்து இன்டர்நெட்டைக் கிட்டத்தட்டச் சும்மா கொடுத்தது. நவம்பர் 8-ந் தேதி ராத்திரி ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றார்கள். நம்மில் எத்தனை பேர் கடுகு டப்பாவிலும் புடவை மடிப்பிலும் சேர்த்து வைத்ததை அன்றைக்கு வீட்டு ஆண்கள் முன்னால் எடுத்துக் காட்ட வேண்டி வந்தது! அதை வேறொரு நாள் எழுதலாம்.

அப்போது பேடிஎம் வாலட்தான் எங்கும். அடுத்த வருஷம், 2017 செப்டம்பரில், 'தேஜ்' என்ற பெயரில் கூகுளின் ஆப் வந்தது. அதுதான் பிற்பாடு கூகுள் பே ஆயிற்று. போன்பேயும் வளர்ந்தது. சுருக்குப்பை போய்க் குழாய் வந்துவிட்டது. 2024 ஜனவரியில் பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கிக்கு ரிசர்வ் வங்கி தடை போட்டு, அந்த வருஷம் மார்ச் 15-க்குப் பிறகு அதன் வாலட்டில் புதிதாகப் பணம் போட முடியாது என்று சொன்னதும் மிச்சம் மீதி இருந்தவர்களும் குழாய்க்கே வந்துவிட்டார்கள். 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடி தடவைக்கு மேல் இந்தியாவில் யூபிஐ மூலம் பணம் கை மாறியிருக்கிறது. கோடி ரூபாய் அல்ல, கோடி தடவை!

இனி மாடிக்கு வருவோம்.

"ஆன்ட்டி, நாலு பேர் டீ, வடை சாப்பிடுறோம். எழுபத்திரண்டு ரூபா ஆகுது. ஒருத்தி ஸ்கேன் பண்ணிடுவா. மத்த மூணு பேரும் அங்கேயே பதினெட்டு பதினெட்டா அவளுக்குப் போட்டுடுவோம். அதுலே நான் மட்டும் நூறு ரூபா நோட்டை நீட்டினா எல்லாரும் முறைப்பாங்க" என்றாள் ஒருத்தி. இது எனக்கு முதல் பாடம். யாருக்கும் ஆசை காட்டிப் பழக்கியது அல்ல. கூட்டத்தில் ஒருத்தி மட்டும் வேறு மாதிரி இருந்தால் மற்றவர்களுக்குச் சங்கடம். நான் படித்த காலத்தில் கடன் கொடுத்த பத்து ரூபாயைத் தோழியிடம் திரும்பக் கேட்க வாய் வராமல் விட்டுவிடுவோம். இவர்களுக்குக் கேட்கவே வேண்டாம், ஆப்பே ஞாபகப்படுத்துகிறது.

காசு கொடுத்துக் கவர்ந்ததும் உண்டு. முதல் வருஷங்களில் பணம் அனுப்பினால் ஒரு சுரண்டல் அட்டை வரும். சுரண்டினால் ஐந்து ரூபாயோ பத்து ரூபாயோ கிடைக்கும். பெரும்பாலும் அடுத்த முறை அதிர்ஷ்டம் பார்க்கலாம் என்று கைவிரிக்கும். 2019 தீபாவளிக்கு கூகுள் பே ஒரு விளையாட்டு விட்டது. விளக்கு, பூ, ஜிமிக்கி, லாந்தர், ரங்கோலி என்று ஐந்து படம் சேர்த்தால் 251 ரூபாய். மற்றதெல்லாம் கிடைக்கும், ரங்கோலி மட்டும் கிடைக்காது. ஒரு ரங்கோலிக்காக நாடு முழுவதும் பிள்ளைகள் தெரிந்தவர் தெரியாதவரிடமெல்லாம் கேட்டு அலைந்தார்கள். சீனாவிலும் இதே கதைதான். அங்கே புத்தாண்டுக்குச் சிவப்பு உறையில் பணம் வைத்துக் கொடுப்பது வழக்கம். 2014-ல் வீசாட் அந்த உறையைப் போனுக்குள் கொண்டுவந்த பிறகுதான் ஜனங்கள் மொத்தமாக அதில் சேர்ந்தார்கள். ஆனால் இன்றைக்கு எங்கள் மாடியில் ஒருத்தியும் சுரண்டல் அட்டையைத் திறந்து பார்ப்பதில்லை. "அது யாரு பார்க்கறா ஆன்ட்டி?" என்கிறார்கள். ஆசை காட்டியது தீர்ந்துபோயிற்று, பழக்கம் நின்றுவிட்டது.

ஒரு பொருளை மனிதர்கள் ஏன் ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதை ஆராய்ந்த அறிஞர்களும் சுற்றி வளைத்து இதைத்தான் சொல்கிறார்கள். அமெரிக்காவில் ஃப்ரெட் டேவிஸ் என்பவர் 1989-ல், பிரயோஜனமாக இருக்க வேண்டும், சுலபமாக இருக்க வேண்டும், இந்த இரண்டும்தான் முக்கியம் என்றார். 2003-ல் விஸ்வநாத் வெங்கடேஷும் அவரோடு சேர்ந்தவர்களும் (டேவிஸும் அவர்களில் ஒருவர்), சுற்றியிருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதையும், வசதி கைக்கு எட்டுகிறதா என்பதையும் சேர்த்தார்கள். 2012-ல் பழக்கம், விலை, விளையாட்டு இன்பம் என்று இன்னும் மூன்று. டீயும் வடையும் சாப்பிட்டுக்கொண்டே எங்கள் பெண்கள் சொன்னது இந்தப் பட்டியலில் கிட்டத்தட்ட எல்லாம் வந்துவிட்டது. ஆனால் பட்டியலில் 'வசதி கைக்கு எட்டுவது' என்று ஒரே வார்த்தையில் சொன்னார்களே, நம் ஊர்ப் பெண்களுக்கு அதில்தான் பெரிய கதையே அடங்கியிருக்கிறது.

யார் போனில் யார் சிம்?

மாடியில் ஒரு பெண், துறையூர்ப் பக்கத்துக் கிராமம். வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் வாசல் மிதித்தவள். அரசுப் பள்ளியில் படித்ததால் 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவள் கணக்குக்கு வருகிறது. 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கிய திட்டம் அது. பையன்களுக்கு 'தமிழ்ப் புதல்வன்' 2024 ஆகஸ்டில் வந்தது. காலேஜ் பிள்ளைகள் கையில் போனில் செலவு செய்ய எங்கேயிருந்து பணம் என்று கேட்பவர்களுக்கு நம் மாநிலத்தில் இது ஒரு முக்கியமான பதில். பெயருக்கு அப்பாவின் கணக்கில் இல்லை, பெண்ணின் சொந்தக் கணக்கிலேயே மாதம் தவறாமல் பணம் விழுகிறது.

ஆனால் இவள் மட்டும் போனில் பணம் அனுப்ப மாட்டாள். வந்த புதிதில் டீக்கணக்கு வரும்போதெல்லாம் எழுந்து போய்விடுவாள். கஞ்சத்தனம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். ஒரு நாள் மெல்லக் கேட்டேன். "அக்கவுண்ட் இருக்கு ஆன்ட்டி, ஏடிஎம் கார்டு இருக்கு. ஆனா அக்கவுண்ட்லே அப்பா நம்பர்தான் குடுத்திருக்கு" என்றாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வங்கியில் எந்த போன் நம்பர் கொடுத்திருக்கிறோமோ, அந்த சிம் இருக்கிற போனில்தான் யூபிஐ பதிவாகும். பள்ளியில் படிக்கும்போது கணக்கு ஆரம்பித்த பெண்ணுக்கு ஏது போன்? அப்பா நம்பரை எழுதிக் கொடுத்திருப்பார்கள். பணம் பெண் பேரில், சாவி அப்பா சட்டைப் பையில்! அவள் ஏடிஎம் போய் ஐந்நூறு எடுத்தால்கூட வயலில் நிற்கிற அப்பாவுக்கு மெசேஜ் போகும். உடனே போன் வரும்: "எதுக்கும்மா ஐந்நூறு?"

எதற்கு என்று எல்லாவற்றையும் அப்பாவிடம் சொல்ல முடியுமா? நாப்கின் வாங்க வேண்டும், இரும்புச் சத்து மாத்திரை வாங்க வேண்டும், வெள்ளைப்படுதலுக்கு டாக்டரம்மாவைப் பார்க்க வேண்டும். கூட இருந்த பெண்களில் ஒருத்தி சொன்னது என் மனதில் நின்றுவிட்டது. "முன்னெல்லாம் மெடிக்கல் ஷாப்புக்குப் போகணும்னா அம்மாகிட்டே கேட்டு, அம்மா அப்பாகிட்டே கேட்டு, அப்புறம்தான் காசு வரும். அதுக்குள்ளே மூணு நாளும் முடிஞ்சுடும்." துணியை வைத்துச் சமாளித்து, புண்ணாகி, அப்புறம் ஆஸ்பத்திரிக்கு ஓடும் பெண்களை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா? போனில் பணம் கட்டுவதை இவர்கள் விரும்புவதற்கு, வேகத்தைவிட, யாரிடமும் கேட்க வேண்டாம் என்பதுதான் பெரிய காரணம் என்பது என் அபிப்பிராயம். பையன்களுக்கு இது சௌகரியம். பெண்களுக்கு அதற்கு மேலே.

அந்தப் பெண்ணின் அப்பா அரிசி கொண்டுவந்து கொடுக்க வந்தபோது நானே பேச்சை எடுத்தேன். மனுஷர் நல்லவர், ஆனால் பயம். "நீங்களே சொல்லுங்கம்மா, போன்லே பணம் போற கதையைத்தான் தினம் பேப்பர்லே பார்க்கறோம். பச்சப் புள்ளை, அதுகிட்டே எப்படிக் குடுக்கறது?" என்றார். அந்தப் பயத்தைப் பொய் என்று தள்ள முடியாது. கூட வந்திருந்த அம்மாதான் பட்டென்று சொன்னார்: "படிக்க அனுப்பத் தெரியுது, பத்து ரூபா செலவு பண்ணத் தெரியாதா அவளுக்கு?" அந்த வாரமே ஆதார் கார்டும் பாஸ்புக்கும் எடுத்துப்போய் வங்கியில் நம்பரை மாற்றினார்கள்.

கதை அத்தோடு முடியவில்லை. இரண்டு மாதம் கழித்து அப்பா பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுப் பார்த்திருக்கிறார். பக்கம் பக்கமாகப் பத்து ரூபாய், இருபது ரூபாய். அதிலே ஓர் ஆண் பெயர் வாரத்தில் நாலு தடவை. ராத்திரி எட்டு மணிக்கு என் நம்பருக்கே போன்! விசாரித்தால் அது காலேஜ் வாசலில் ஜூஸ் கடை வைத்திருப்பவரின் பெயர். சின்னக் கடைக்காரர்கள் கடைப் பெயரில் கணக்கு வைப்பதில்லை, சொந்தப் பெயரில்தான் வைத்திருப்பார்கள். பெண் பிள்ளையின் பாஸ்புக்கைப் பார்க்கிற அப்பாமார்களே, அண்ணன்மார்களே, பெயரைப் பார்த்துப் பதறுவதற்கு முன்னால் இதைக் கொஞ்சம் ஞாபகம் வையுங்கள்.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. யூபிஐ லைட் என்று அதே ஆப்புக்குள்ளேயே ஒரு சின்னச் சுருக்குப்பை. அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை போட்டு வைக்கலாம், ஒரு தடவைக்கு 1,000 வரை பின் நம்பர் இல்லாமலே செலவழிக்கலாம். பாஸ்புக்கில் அதில் பணம் ஏற்றியது மட்டும்தான் வரும், ஜூஸ் கடை, ஜெராக்ஸ் கடை எல்லாம் வராது. இந்தப் பெண் திங்கட்கிழமை காலை முந்நூறு ரூபாய் அதில் ஏற்றிக்கொள்கிறாள். அது தீர்ந்தால் அந்த வாரக் கைச்செலவு தீர்ந்தது. நம் பாட்டிமார் மளிகைக்கு ஒரு உறை, பாலுக்கு ஒரு உறை என்று பிரித்து வைத்தார்களே, அதே கணக்குதான். பின் நம்பர் கேட்காது என்பதால் அதிகம் போட்டு வைக்கக் கூடாது, போனுக்குப் பூட்டும் கட்டாயம் வேண்டும்.

உறை எதற்கு என்கிறீர்களா? காசை எண்ணிக் கொடுக்கும்போது மனசில் ஒரு சின்ன வலி இருக்கிறதே, அது போனில் இல்லை. 2001-ல் டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் என்ற இருவர் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று உண்டு. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் நிர்வாகப் படிப்பு மாணவர்களிடம் கூடைப்பந்துப் போட்டி டிக்கெட்டுக்கு ஏலம் கேட்கச் சொன்னார்கள். ஒரு பிரிவினர் ரொக்கம் கொடுக்க வேண்டும், இன்னொரு பிரிவினர் கிரெடிட் கார்டில் கொடுக்கலாம். கார்டுக்காரர்கள் ரொக்கக்காரர்களைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கேட்டார்கள்! கார்டு கடன், யூபிஐ நம் சொந்தப் பணம், இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் ராத்திரி பத்தரை மணிக்கு மெஸ் சாப்பாடு பிடிக்கவில்லை என்று பரோட்டாவும் சிக்கனும் போனிலேயே வரவழைத்துச் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் காலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னிடம் ஓம வாட்டர் கேட்கிற பெண்ணைப் பார்த்தால், அந்த ஆராய்ச்சியை நம்பத்தான் தோன்றுகிறது.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று

செலவாவது பரவாயில்லை, ஆயிரத்தோடு போகும். போன வருஷம் மாடியில் ஒருத்திக்குத் தெரிந்தவருக்குத் தெரிந்தவர் மூலம் ஒரு யோசனை வந்தது. "உன் அக்கவுண்ட்லே கொஞ்சம் பணம் வரும். வந்ததும் நாங்க சொல்ற இடத்துக்கு அனுப்பிடு. மாசம் ரெண்டாயிரம் கமிஷன். வேறே ஒண்ணும் வேண்டாம்." பீஸ் கட்ட நாள் நெருங்கிக்கொண்டிருந்த சமயம். அவள் சும்மா இருக்காமல் என்னிடம் வந்து சொன்னாளே, அதற்கு அவளை மெச்ச வேண்டும்.

வாசகிகளே, இதற்குப் பெயர்தான் வாடகைக் கணக்கு. யாரையோ ஏமாற்றிப் பிடுங்கிய பணத்தைக் கைமாற்றிவிட இப்படிப் பிள்ளைகளின் கணக்கைப் பிடிக்கிறார்கள். ஏமாந்தவர் 1930 என்ற எண்ணில் புகார் கொடுத்ததும், பணம் போன வழியே ஒவ்வொரு கணக்காக முடக்கிக்கொண்டே வருவார்கள். திருடன் கணக்கில் அவன் பெயரே இருக்காது, நம் பெண்ணின் பெயரும் ஆதாரும்தான் இருக்கும். உதவித்தொகை வருகிற கணக்கும் முடங்கும், போலீஸ் விசாரணையும் வரும். கணக்கு, சிம், ஏடிஎம் கார்டு மூன்றையும் எவ்வளவு வேண்டியவர் கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்று பெண்ணிடம் மட்டுமல்ல, பையனிடம் முக்கியமாகச் சொல்லி அனுப்புங்கள். பையன்களைத்தான் இதில் சுலபமாக மடக்குகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

மற்றபடி பின் நம்பர் விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் வேண்டவே வேண்டாம், பின் போட்டால் பணம் போகிறது என்று அர்த்தம். பணம் அனுப்புமுன் யார் பெயர் வருகிறது என்று ஒரு வினாடி பார்க்க வேண்டும். பெண்கள் இன்னொன்றும் கவனிக்கலாம். சில ஆப்களில் நம் போன் நம்பரே யூபிஐ முகவரியாகப் போய் உட்காரும். பணம் வாங்கிக்கொள்கிற முகம் தெரியாதவருக்கு நம்பர் போக வேண்டாம் என்றால், நம்பர் இல்லாத வேறு முகவரி ஒன்றை ஆப்பிலேயே வைத்துக்கொள்ள முடியும். மாடிப் பெண்கள் நால்வரும் ஒரே உட்காரலில், ஐந்து நிமிஷத்தில் மாற்றிக்கொண்டார்கள்.

சொந்தக் கணக்கு இல்லாத பிள்ளைக்கு யூபிஐ சர்க்கிள் என்று 2024-ல் ஓர் ஏற்பாடு வந்திருக்கிறது. அம்மாவின் கணக்கிலிருந்தே பெண் தன் போனில் செலவு செய்யலாம். மாதம் இவ்வளவுதான் என்று வரம்பு வைக்கலாம். அது 15,000 ரூபாயைத் தாண்டாது. இல்லை, ஒவ்வொரு தடவையும் அம்மா சரி என்று சொன்னால்தான் பணம் போகும்படியும் வைக்கலாம். இரண்டாவது வழியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பெண் மெடிக்கல் ஷாப்பில் நிற்கும்போது அம்மா சமையலறையில் குக்கர் சத்தத்தில் இருப்பாள். அதற்குப் பழையபடி கேட்டு வாங்கியிருக்கலாமே!

போனே செத்துப்போனால் என்ன செய்வது என்று துறையூர் அம்மா கேட்டார். சரியான கேள்விதான். எல்லா பஸ்ஸிலும் ஸ்கேன் நடக்காது, ராத்திரி நேரத்தில் ஆட்டோவுக்குக் காசு வேண்டும். "போன் உறைக்குப் பின்னாடி ரெண்டு நூறு ரூபா நோட்டு மடிச்சு வெச்சிருக்கேம்மா" என்றாள் பெண். "போனே தொலைஞ்சா நோட்டும் சேர்ந்துல்ல போகும்?" என்றார் அம்மா. இப்போது அந்த இரண்டு நோட்டும், அம்மா கைப்பட அப்பா நம்பரும் வங்கிக் கிளை நம்பரும் 1930-ம் எழுதிய ஒரு துண்டுச் சீட்டும், அவள் காலேஜ் அடையாள அட்டையின் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கின்றன.